19,000 மேற்கோள் உள்ள பேராசிரியரா, 1,400 உள்ளவரா? மருந்துக் கண்டுபிடிப்பில் பிஎச்டி, உங்கள் கருத்து தேவை

உப்புவெளி_மாமா
வணக்கம். என் அக்காவின் மகள் பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் முடித்தவள். வெளிநாட்டில் பிஎச்டி செய்ய இரண்டு இடத்திலிருந்து சம்மதம் வந்திருக்கிறது. இரண்டுமே மருந்துக் கண்டுபிடிப்புத் துறைதான். ஒருவர் பெரிய பேராசிரியர், முப்பது வருடமாக எழுதுபவர். கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்தில் 19,000 மேற்கோள், எச்-இன்டெக்ஸ் 62, "உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள்" பட்டியலிலும் பெயர் இருக்கிறது. மற்றவர் இளையவர், எழுதத் தொடங்கி எட்டு வருடம். மேற்கோள் 1,400, எச்-இன்டெக்ஸ் 17.

வீட்டில் எல்லாரும் அந்த எண்ணைப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட்-புள்ளி மாதிரிப் பார்க்கிறார்கள். அத்தான் 62 பெரிதா 17 பெரிதா என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். பிள்ளைக்கோ இரண்டாமவரின் வேலைதான் பிடித்திருக்கிறது, ஆனால் சொல்லத் தயங்குகிறாள். நான் துறைமுகத்தில் வேலை பார்த்தவன், இந்த எண்களின் கதை எனக்குத் தெரியாது. இந்தத் துறையில் இருக்கும் திருகோணமலை ஆட்கள் யாராவது விளக்குங்கள். யாருடைய பெயரும் போட வேண்டாம்.

டொக்யார்ட்_ரோட்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணா? பெரிய ஆளிடம் போனால் அவர் எழுதித் தரும் ஒரு கடிதத்தோடு உலகம் முழுக்க வேலை. 62 தான். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கன்னியா_ஊற்று
மாமா, நான் ஒரு மருந்துக் கம்பனியில் இரசாயனப் பக்கம் வேலை செய்கிறேன். சொந்த இடம் கன்னியா, இப்போது இருப்பது ஐரோப்பாவில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எச்-இன்டெக்ஸ். ஹோர்கே ஹிர்ஷ் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 2005 இல் கொண்டுவந்தது. 62 என்றால், அவருடைய 62 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 62 தடவை மற்றவர்களின் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான். இந்த எண் ஏறும், இறங்காது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாலும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே முப்பது வருடமாக எழுதுபவரையும் எட்டு வருடமாக எழுதுபவரையும் இதை வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. எட்டு வருடத்தில் 17 என்பது நல்ல கணக்கு.

அப்புறம், மேற்கோள் எதற்கு விழுகிறது என்பது. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஒரு பெரிய கண்டுபிடிப்பைப் பற்றியது அல்ல. ஒலிவர் லோரி 1951 இல் எழுதிய, கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. 3 இலட்சத்துக்கு மேல் மேற்கோள். ஆய்வுகூடத்தில் எல்லாரும் புரதம் அளக்கிறார்கள், அளந்தவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். எங்கள் துறையிலும் அப்படித்தான். 1997 இல் பைசர் கம்பனியின் லிபின்ஸ்கி குழு, வாயால் உட்கொள்ளும் மருந்து எப்படிப்பட்ட மூலக்கூறாக இருந்தால் உடம்பில் சேரும் என்று ஒரு விதி சொன்னது: மூலக்கூற்று நிறை 500 ஐத் தாண்டக் கூடாது, கொழுப்பில் கரையும் அளவு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், இப்படி. அதை மேற்கோள் காட்டாத மருந்து இரசாயனக் கட்டுரை கிடைப்பது அரிது. ஒரு மூலக்கூறு புரதத்தில் எங்கே பொருந்தும் என்று கணக்கிடும் ஓட்டோடொக் வினா மென்பொருளின் 2010 கட்டுரைக்கும் பத்தாயிரக்கணக்கில் மேற்கோள். லப்டொப் இருந்தால் போதும், யாரும் பயன்படுத்தலாம். 2020 இல் கொரோனா வந்தபோது, இதை ஓட்டி "இந்த மூலிகை வைரசைத் தடுக்கும்" என்று வந்த கட்டுரைகள் கொட்டிக் கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக்கொண்டன.

ஆகவே 19,000 என்று பார்த்ததும் நான் கேட்பது, அது எந்தக் கட்டுரைகளுக்கு வந்தது? மற்றவர்களின் வேலையைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகளா, சொந்தக் கண்டுபிடிப்பா, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய கூட்டுக் கட்டுரையில் ஒரு பெயரா? உலக நோய்ச்சுமை ஆய்வு என்று லான்செட்டில் வருமே, அதில் ஒரு கட்டுரையில் பெயர் இருந்தாலே ஆயிரக்கணக்கில் மேற்கோள் சேர்ந்துவிடும். எங்கள் துறையில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது. நடுவில் உள்ளவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கு.

பாலையூற்று_மாஸ்டர்
தம்பி கன்னியா நன்றாகச் சொன்னார். நான் உயர்தர இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் கதை தெரியாமல் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

1895 இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கதர் அங்கி போட்டதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் கீழ்ப்படிப் பட்டத்தோடு வெளியே வந்தார். ஹார்வர்டுக்குப் போய் சைரஸ் பிஸ்க்குடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பொசுபரசு அளக்கும் நிறமானி முறையை 1925 இல் வெளியிட்டார். லோரியின் கட்டுரை மாதிரித்தான் இதுவும், பல தலைமுறை மேற்கோள் காட்டிய ஒன்று. தசைக்குச் சக்தி தரும் பொசுபோகிரியாற்றின், ஏரீபீ என்ற இரண்டு சேர்மங்களையும் கண்டவர்களும் இவர்கள்தான். (ஏரீபீயை அதே 1929 இல் ஜெர்மனியில் லோமானும் தனியாகக் கண்டார்.) இவ்வளவும் செய்தும் ஹார்வர்ட் நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1940 இல் லெடர்லி மருந்துக் கம்பனிக்குப் போய்விட்டார்.

அங்கேதான் பெரிய வேலை நடந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றைக்கும் கொடுக்கும் டீ.ஈ.சீ. மாத்திரை அவர் தலைமையில் வந்தது. நம் நாட்டில் மேல், தென் மாகாணக் கரையோரத்தில் அந்த மருந்தைக் கூட்டங்கூட்டமாகக் கொடுத்துத்தான் நோயை அடக்கினார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினோப்டெரினை அவர் குழு செய்து கொடுத்தது. பொஸ்ரனில் சிட்னி பார்பர் அதை இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948 இல் எழுதினார். நவீன கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்று அது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அதே வருடம் ஓரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வந்தது. டெற்றாசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஆய்வுத் தலைவர் சுப்பாராவ், கட்டுரை டகர் ஒருவரின் பெயரில். 1948 ஓகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார், வயது 53.

இப்போது கூகுள் ஸ்காலரில் அவரைத் தேடினால் என்ன முதலில் வரும்? பொசுபரசு அளக்கும் முறை. யானைக்கால் மாத்திரையை விழுங்கியவர்கள் யாரும் அவரை மேற்கோள் காட்டவில்லை.

பாமசிக்_கடை
மாஸ்டர், இது எனக்குப் புதுத் தகவல். எங்கள் கடையில் மீதோட்ரெக்சேட் வாங்காத கிழமை இல்லை, மூட்டுவாதக்காரர்கள் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுப்பது. (தினமும் எடுக்க வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம் சொல்லித்தான் கொடுப்பேன், தவறி எடுத்தால் ஆபத்து.) அது அமினோப்டெரினின் தம்பிதானே? டொக்சிசைக்கிளினும் அப்படித்தான். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயல் இறங்குமுன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுப்பாரே, அது அந்த ஓரியோமைசின் குடும்பம். தம்பலகாமத்து வயல்காரருக்கு இந்த மனிதர் யார் என்று தெரியாது.

சித்த_மாணவன்
நான் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். மாஸ்டர் சொன்னது சரி, ஆனால் மேற்கோளை அப்படியே ஒதுக்கவும் வேண்டாம். எங்களைப் பார்த்து "ஆதாரம் எங்கே" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டக்கூடியது கட்டுரைகளைத்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி மட்டும் ஆயிரக்கணக்கான ஆய்வுகள், எத்தனையோ இலட்சம் மேற்கோள். நம் பாட்டிமார் சொன்னது உண்மை என்று உலகம் ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு சான்று இல்லையா?

கன்னியா_ஊற்று
தம்பி, கோபிக்க வேண்டாம். மேற்கோள் எப்படி ஏமாற்றும் என்று எங்கள் துறையில் புதிதாக வருபவர்களுக்குக் காட்டும் உதாரணமே குர்குமின்தான்.

2010 இல் பேல், ஹொலவே என்ற இரு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், எந்தச் சோதனையில் போட்டாலும் "வேலை செய்கிறது" என்று பொய் சொல்லும் மூலக்கூறு வகைகளை அடையாளம் காட்டினார்கள். எங்கள் பக்கம் அவற்றைப் பெயின்ஸ் என்று சொல்வோம். குர்குமின் அப்படிப்பட்டது. தானே ஒளிரும், புரதங்களோடு கண்டபடி ஒட்டும், உலோகத்தைப் பிடிக்கும். சோதனைக் கருவி அதை மருந்தென்று எண்ணிவிடும். 2017 இல் வந்த ஒரு பெரிய மீளாய்வு, 120 க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், யார் எதை எடுத்தார் என்று இரு பக்கத்துக்கும் தெரியாதபடி (இரட்டை மறைப்பு) போலி மாத்திரையை ஒப்பிட்டுச் செய்த எதுவும் வெற்றி பெறவில்லை என்றது. உடம்பில் சேரவும் மாட்டேன் என்கிறது, சேர்ந்தாலும் நிலைக்காது.

இன்னொன்று. குர்குமினில் பேர் வாங்கிய ஒரு ஆய்வாளரின் இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள், படங்களில் சந்தேகம் வந்து திரும்பப் பெறப்பட்டன. அவர் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தவர். திரும்பப் பெற்ற கட்டுரைகள் பிறகும் மேற்கோள் காட்டப்படுவது இந்த உலகில் சாதாரணம். எண்ணில் அது கழிபடாது.

பாட்டி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. கறிக்கு மஞ்சள் போடுங்கள்.

சித்த_மாணவன்
மிளகோடு சேர்த்தால் சேரும் அண்ணா! 1998 இல் பெங்களூரில் மனிதரில் செய்த ஆய்வு, மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தால் இரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடுகிறது என்கிறது. எங்கள் திரிகடுகத்தில் மிளகு சும்மாவா இருக்கிறது?

கன்னியா_ஊற்று
அந்த ஆய்வு உண்மை. ஆனால் மிகக் குறைவான அளவின் 20 மடங்கு என்பது இன்னும் குறைவுதான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. பைப்பரின் ஈரலின் நொதியங்களைத் தடுப்பதால் பினைட்டோயின், புரோப்ரனோலோல் மாதிரி மற்ற மருந்துகளும் இரத்தத்தில் கூடும். வலிப்புக்கு மருந்து எடுப்பவருக்குக் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். உங்கள் துறையில் எனக்கு நம்பிக்கை தரும் உதாரணம் வேறு. கொத்தல ஹிம்புட்டு என்ற கட்டைக்கொடி. நீரிழிவுக்கு அந்த மரக் கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்களே, அதிலிருந்து 1997 இல் ஜப்பானியர் சலசினோல் என்ற சேர்மத்தைப் பிரித்தார்கள். மாப்பொருளை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது, அக்கார்போஸ் மாத்திரை செய்யும் அதே வேலை. எது, எங்கே, எப்படி என்று தெளிவாகச் சொன்ன வேலை. நம் நாட்டுக் கொடி, ஜப்பானில் கட்டுரை. அது தனி இழைக்கு உரிய கோபம்.

சீனன்குடா
எல்லாரும் சேர்ந்து மேற்கோளைப் போட்டு அடிக்கிறீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், எங்கே என்று சொல்ல மாட்டேன். பதவி உயர்வுக்கு நேர்முகத்தில் இருந்தால், "இவரது வேலை ஆழமானது" என்று சொல்லி யாரையும் தூக்கலாம், "ஆழம் போதாது" என்று சொல்லி யாரையும் வெட்டலாம். ஆழத்தை யார் அளக்கிறார்கள்? அறையில் இருக்கும் நாலு பேர். அவர்களில் ஒருவர் மற்றவரின் பழைய மாணவர். அப்படிப்பட்ட அறையில், தூர இடத்திலிருந்து தமிழில் படித்து வந்த, யாரையும் தெரியாத ஒருத்திக்கு இருக்கும் ஒரே துணை எண்தான். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இவ்வளவு இருக்கிறது, என் சொந்த மேற்கோளைக் கழித்தாலும் இவ்வளவு இருக்கிறது, மறுக்க முடியுமா என்று கேட்கலாம். யூஜின் கார்பீல்ட் 1960 களில் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கியது ஒரு கட்டுரை எங்கே பயன்பட்டது என்று தேடிப் பிடிக்க. அதை ஆட்களை நிறுக்கும் தராசாக்கியது பின்னால் வந்தவர்கள். ஆனால் அந்தத் தராசை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தயவு. அதைவிட எண் எனக்குப் பரவாயில்லை.

சுப்பாராவின் கதையையே பாருங்கள். பதவி கொடுக்காமல் விட்டது எண்ணா, ஆட்களா?

பாலையூற்று_மாஸ்டர்
நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணாலும் பிடிக்க முடியாதவர்கள் உண்டு. து யூயூவை எடுங்கள். 1967 இல் தொடங்கிய சீனாவின் இரகசியத் திட்டம் 523 இல் மலேரியாவுக்கு மருந்து தேடியவர். பழைய நூலொன்றைப் பார்த்து, மூலிகையைக் கொதிக்க வைத்தால் சத்து அழியும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தார். அப்படிக் கிடைத்த மருந்தான ஆர்ட்டெமிசினின் அமைப்பைச் சொன்ன 1977 கட்டுரையில் தனிமனிதர் பெயரே இல்லை, "கூட்டு ஆய்வுக் குழு" என்று மட்டும். எந்த ஸ்காலர் கணக்கில் அதைச் சேர்ப்பது? அவருக்குக் கலாநிதிப் பட்டமும் இல்லை. 2015 இல் நோபல் பரிசு. நம் பக்கத்தில் மலேரியா எப்படி ஆட்டிப் படைத்தது என்று என் வயதுக்காரருக்குத் தெரியும். மூதூர்ப் பக்கம் குளிர்காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது.

கன்னியா_ஊற்று
சீனன்குடா சொன்னதை நானும் மறுக்கவில்லை. வேலைக்கு எடுப்பதற்கு எண் ஒரு காவல். ஆனால் இங்கே கேள்வி வேறு, ஒரு பிள்ளை ஐந்து வருடம் யாரிடம் பழக வேண்டும் என்பது. அந்தக் காவலையும் ஆட்கள் உடைக்கிறார்கள். 2023 இல், மேற்கோள் தரவுத்தளம் நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் முறைகேட்டுச் சந்தேகத்தில் தன் "அதிகம் மேற்கோள் காட்டப்பட்டோர்" பட்டியலிலிருந்து 1,000 பேருக்கு மேல் தள்ளிவைத்தது. மாமா சொன்ன 2 வீதப் பட்டியல் சொந்த மேற்கோளைக் கழித்தும் கணக்கிட்டு, ஆசிரியர் வரிசையையும் பார்த்துச் செய்வது, அதனால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதில் 2 இலட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

2012 இல் அம்ஜென் கம்பனியில் இருந்த பெக்லியும் எல்லிஸ் என்பவரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டும் என்று நம்பிய 53 முக்கியக் கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். உறுதியானது 6. மீதியும் பெரிய இதழ்களில் வந்தவைதான், நூற்றுக்கணக்கில் மேற்கோள் பெற்றவையும் இருந்தன. ஒரு கம்பனி அப்படிப்பட்ட ஒரு கட்டுரையை நம்பி இரண்டு மூன்று வருடம் வீணாக்குவதை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். அதன் பிறகும், மனிதரில் சோதனைக்குப் போகும் பத்து மூலக்கூறில் ஒன்பது விழுந்துவிடும்.

ஆகவே மருமகள் பார்க்க வேண்டியது: அந்த ஆய்வுகூடத்தின் மூலக்கூறு எங்கேயாவது போனதா? காப்புரிமை, மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இரண்டும் இணையத்தில் இலவசம். வேறு குழு அதே முடிவைத் திரும்ப எடுத்ததா? அப்புறம், இதுதான் முக்கியம், கடந்த பத்து வருடத்தில் அங்கே பிஎச்டி தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். பேராசிரியருக்கு இல்லை, மாணவர்களுக்கு.

மருமகள்
மாமா இந்த இழையைக் காட்டினார். இப்போதுதான் முழுக்க வாசித்தேன். எல்லாருக்கும் நன்றி.

கன்னியா அண்ணா சொன்ன மாதிரி பிரித்துப் பார்த்தேன். பெரிய பேராசிரியரின் மேற்கோளில் ஏறத்தாழப் பாதி மூன்று மீளாய்வுகளுக்கும் ஒரு கூட்டுக் கட்டுரைக்கும் வருகிறது. அதைக் கழித்தாலும் நல்ல வேலை இருக்கிறது. புரதப் பளிங்கு ஆய்வில் (புரதத்தைப் பளிங்காக்கி அதன் வடிவத்தைப் பார்ப்பது) உண்மையிலேயே கெட்டிக்காரர். அவர்களுடைய ஒரு மூலக்கூறு முதற்கட்டப் பரிசோதனைக்குப் போய் நின்றுவிட்டது. இளையவருக்குக் காப்புரிமை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய ஒரு சோதனை முறையை மற்றக் குழுக்கள் எடுத்துப் பயன்படுத்துகின்றன. மேற்கோளைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன், சும்மா பெயருக்குக் காட்டியவை குறைவு.

பழைய மாணவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன். சீனன்குடா சேர் சொன்னது மனதில் நிற்கிறது. திரும்பி வந்து இங்கே வேலைக்கு விண்ணப்பித்தால் என்னையும் எண்ணால்தான் பார்ப்பார்கள்.

டொக்யார்ட்_ரோட்
தங்கச்சி, நான் 62 என்று சொன்னதில் நிற்கிறேன். பளிங்கு ஆய்வு கருவி இருக்கிற இடத்தில்தான் நடக்கும்.

மருமகள்
பதில்கள் வந்தன. பெரிய ஆய்வுகூடத்தில் பேராசிரியரை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம்தான் பார்க்கலாமாம். ஆனால் அங்கே ஒரு மூத்த ஆய்வாளர் ஆறேழு மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறார், அவரைப் பற்றி எழுதிய எல்லாரும் நல்லபடியாகவே எழுதினார்கள். ஒருத்தி மட்டும் பாதியில் விட்டிருக்கிறாள், காரணம் சொல்லவில்லை. இளையவரின் மாணவன் மனம் திறந்து எழுதினான்: வாரம் இரண்டு தரம் உட்கார்ந்து பேசுவார், நிறையப் படித்தேன், ஆனால் நிதி அடுத்த வருடத்தோடு முடிகிறது, புதுப்பித்தால்தான் உண்டு.

இளையவரிடமே கேட்டேன். அவரும் ஒளிக்காமல், நிதி நிச்சயமில்லை, வேறு வாய்ப்பு இருந்தால் அதை எடு, இரண்டு வருடம் கழித்து முறையைக் கற்க என்னிடம் வந்து போகலாம் என்றார். ஆகவே பெரிய ஆய்வுகூடம்தான், ஆனால் அந்த மூத்த ஆய்வாளரின் குழுவில் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். சம்மதித்துவிட்டார்கள்.

சீனன்குடா
சரியான முடிவு. எழுத்தில் வாங்கியது இன்னும் சரி. முதல் கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

உப்புவெளி_மாமா
எல்லாருக்கும் நன்றி. அத்தானுக்கு 62 தான் வென்றது என்று சொல்லியிருக்கிறேன், அவர் சந்தோஷமாக இருக்கிறார். விசா நேர்முகத்துக்கு வங்கிக் கணக்கு எத்தனை மாதத்துக்குக் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருந்தால், அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே வாருங்கள்.